எட்டு செமஸ்டர், எட்டுப் பருவம்



செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறோம். ஏதோ ஒரு கல்யாண வீடு. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிற சித்தப்பா, சாம்பார் வருவதற்குள் ஆரம்பித்துவிடுவார்: "அடுத்து என்னப்பா பண்ணப் போற?" கோர் கம்பெனியா, ஐ.டி.யா, கேட் பரீட்சையா, வெளிநாடா? நமக்கே தெரியாது. ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு இருப்போம்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. எட்டு செமஸ்டர் முடிந்து, வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகிவிட்டால் மனிதன் 'செட்டில்' ஆகிவிடுவான். அதற்கப்புறம் வளர ஒன்றும் இல்லை, வயசாக வேண்டியதுதான் பாக்கி. நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். நம்ம அப்பாவைப் பார்த்தால் அவர் பிறந்தபோதே அப்பாவாகப் பிறந்த மாதிரிதானே தெரிகிறது?

உளவியலும் ரொம்ப நாள் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் எரிக் எரிக்சன். பிறந்ததிலிருந்து கிழவனாகிச் சாகிற வரை மனித மனம் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லி, அந்தப் பயணத்தை எட்டுப் பருவங்களாகப் பிரித்துக் காட்டியவர். நமக்கு எட்டு செமஸ்டர், அவருக்கு எட்டுப் பருவம். ஆனால் நம்ம டிகிரி மாதிரி நாலு வருஷத்தில் முடிகிற விஷயம் இல்லை அது.

இன்னொரு வேடிக்கை. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த இந்த மனிதரிடம் எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் கிடையாது.

ஒன்றை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். இது 'அவரால் முடிந்தது, உன்னாலும் முடியும்' வகைக் கதை இல்லை. நடுவில் ஓர் இடத்தில் உங்களுக்கு அவர் மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது. அந்தப் பகுதியை விட்டுவிட்டு எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. அதனால் விடவில்லை.

அப்பா பெயர் தெரியாத பையன்

1902 ஜூன் 15. ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட் நகரில் கார்லா ஆபிரகாம்சென் என்ற இளம்பெண்ணுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கார்லா டென்மார்க்கின் கோபன்ஹேகனைச் சேர்ந்த யூதக் குடும்பத்துப் பெண். கணவர் எப்போதோ பிரிந்து போய்விட்டார். குழந்தையின் அப்பா அவர் இல்லை. வேறு யார் என்று கார்லா கடைசி வரை சொல்லவே இல்லை. எரிக் 91 வயது வரை வாழ்ந்தார். தன்னைப் பெற்ற அப்பா யார் என்பது தெரியாமலேயே இறந்தார்.

கார்ல்ஸ்ரூஹ என்ற ஊரில் தியோடர் ஹோம்பர்கர் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். எரிக்கின் மூன்றாவது பிறந்தநாள் அன்று கார்லா அவரைத் திருமணம் செய்துகொண்டார். பையனுக்கு அவரையே அப்பா என்று சொல்லி வளர்த்தார்கள். எரிக் ஹோம்பர்கர் என்பது பெயராயிற்று.

ஆனால் கண்ணாடி பொய் சொல்லுமா? எரிக் நல்ல உயரம், பொன்னிற முடி, நீலக் கண். ஹோம்பர்கர் குடும்பத்தில் யாரும் அப்படி இல்லை. யூதர்களின் வழிபாட்டுக் கூடத்துக்குப் போனால், இவன் நம்ம ஆள் மாதிரியே இல்லையே என்று கிண்டல். ஜெர்மன் பள்ளிக்கூடத்துக்குப் போனால், இவன் யூதன் என்று கிண்டல். இரண்டு பக்கமும் இடமில்லை. வீட்டில் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்பதும் சின்ன வயதிலேயே உறைத்துவிட்டது.

நான் யார் என்ற கேள்வியைப் பிற்காலத்தில் உலகத்துக்கே பாடமாக எடுத்தவருக்கு, அந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. வீட்டிலிருந்து வந்தது.

மூட்டையோடு ஊர் சுற்றியவர்

பள்ளியில் எரிக் சுமார் ரகம். 1920-இல் பள்ளிப்படிப்பு முடிந்தது. வளர்ப்பு அப்பாவுக்குப் பையனும் தன்னைப் போல டாக்டராக வேண்டும் என்று ஆசை. எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கா? ஆனால் எரிக் மெடிக்கல் காலேஜுக்குப் போகவில்லை. ஓவியனாகப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த ஏழு வருஷம் ஊர் சுற்றல். கார்ல்ஸ்ரூஹவில் கொஞ்சம் ஓவியப் படிப்பு, மியூனிக்கில் கொஞ்சம், இத்தாலியின் ஃப்ளாரன்சில் கொஞ்ச காலம். மரத்தில் செதுக்கி அச்செடுக்கும் படங்களை நன்றாகச் செய்தார். ஆனால் தான் பெரிய ஓவியன் ஆகப்போவதில்லை என்பது அவருக்கே புரிந்துவிட்டது. கையில் வேலை இல்லை, பட்டம் இல்லை, 25 வயது. இன்றைக்கு நம்ம ஊரில் இப்படி ஒருத்தன் இருந்தால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பின்னாளில் எரிக்சன் இந்த மாதிரிக் காலத்துக்கு ஒரு மரியாதையான இடம் கொடுத்தார். கடன்காரனுக்கு வங்கி அவகாசம் கொடுக்கிற மாதிரி, இளைஞர்களுக்கும் சமூகம் ஓர் அவகாசம் கொடுக்க வேண்டும் என்றார். இதையும் அதையும் முயன்று பார்த்து, எது தனக்குப் பொருந்துகிறது என்று தேடுகிற காலம் அது. வெளியிலிருந்து பார்த்தால் வெட்டியாகத் தெரியும். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்.

1927-இல் பழைய பள்ளி நண்பர் பீட்டர் பிளாஸ் வியன்னாவிலிருந்து கடிதம் போட்டார். அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடம், ஆசிரியர் வேலை இருக்கிறது, வருகிறாயா? பழைய நண்பன் கொடுத்த ஒரு ரெஃபரல், அவ்வளவுதான். அந்தப் பள்ளி சாதாரணப் பள்ளி இல்லை. சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் ஆனா ஃப்ராய்டும் அவருடைய தோழிகளும் சேர்ந்து நடத்தியது. குழந்தைகளோடு எரிக் பழகுகிற விதத்தைப் பார்த்த ஆனா, இவரைத் தன் பயிற்சிக்குள் இழுத்துக்கொண்டார். ஓவியரின் கண் இங்கே வேலைக்கு வந்தது. குழந்தை சொல்வதைக் கேட்பதோடு, அது கட்டைகளை எப்படி அடுக்குகிறது, பொம்மையை எங்கே வைக்கிறது என்பதையும் அவரால் படிக்க முடிந்தது.

1933-இல் வியன்னா மனப்பகுப்பாய்வு நிறுவனத்தில் பயிற்சி முடித்தார். மான்டிசோரி சான்றிதழ் ஒன்றும் இருந்தது. அவர் வாழ்நாளில் படித்து வாங்கிய காகிதங்கள் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இதற்கிடையில் ஜோன் செர்சன் என்ற கனடா நாட்டுப் பெண்ணைச் சந்தித்து 1930-இல் திருமணம் செய்துகொண்டார். நடனத்தைப் பற்றி ஆராய ஐரோப்பாவுக்கு வந்தவர் ஜோன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசி அத்தியாயத்தை எழுதியவர் அவர்தான்.

தனக்குத் தானே வைத்த பெயர்

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். எரிக், ஜோன், இரண்டு சின்னப் பையன்கள் என்று குடும்பமாக வியன்னாவை விட்டுக் கிளம்பினார்கள். டென்மார்க்கில் குடியுரிமை கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போனார்கள். அங்கே குழந்தைகளுக்கான மனப்பகுப்பாய்வாளர்கள் என்று சொல்ல அப்போது ஆளே கிடையாது. எரிக்குக்கு வேலை கிடைத்தது. ஹார்வர்டில் பிஎச்.டி.க்குச் சேர்ந்து பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார். பிறகு யேல், அதன் பிறகு கலிஃபோர்னியாவின் பெர்க்லி.

நடுவில் தெற்கு டகோட்டாவில் சூ பழங்குடி மக்களிடமும், வடக்குக் கலிஃபோர்னியாவில் மீன்பிடித்து வாழ்ந்த யூரோக் மக்களிடமும் போய்த் தங்கிப் பார்த்தார். ஒரு குழந்தை வளர்வது வீட்டுக்குள்ளே மட்டும் நடக்கிற காரியம் இல்லை, அதைச் சுற்றியிருக்கிற ஊரும் வரலாறும் சேர்ந்துதான் அதை வளர்க்கின்றன என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது.

1939-இல் அமெரிக்கக் குடியுரிமை வந்தது. அப்போது பெயரை மாற்றிக்கொண்டார். எரிக்சன் என்றால் எரிக்கின் மகன். அப்பா பெயர் தெரியாதவர், தனக்குத் தானே அப்பா ஆகிக்கொண்டார்! ஹோம்பர்கர் என்ற பெயரைப் பள்ளியில் பிள்ளைகள் ஹாம்பர்கர் என்று கேலி செய்ததும் ஒரு காரணம் என்று குடும்பத்தில் சொல்வார்கள். வளர்த்தவரின் பெயரையும் யூத அடையாளத்தையும் மறைத்துவிட்டார் என்று 1975-இல் மார்ஷல் பெர்மன் என்ற விமர்சகர் கடுமையாகவே எழுதினார். ஹோம்பர்கரை அவர் ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிடவில்லை, நடுப்பெயராக வைத்திருந்தார். ஆனாலும் அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு சான் ஃப்ரான்சிஸ்கோவின் மவுண்ட் சயான் மருத்துவமனையில் சிகிச்சை அளித்தபோது, அவர்களில் பலர் பைத்தியமும் இல்லை, நடிக்கவும் இல்லை என்பதைக் கவனித்தார். நேற்று வரை இருந்த நானும் இன்றைக்கு இருக்கிற நானும் ஒரே ஆள்தான் என்ற உணர்வு அவர்களிடம் அறுந்து போயிருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர்தான் 'அடையாள நெருக்கடி'. இன்றைக்கு எல்லாரும் சாதாரணமாகப் பயன்படுத்துகிற வார்த்தை. வெளியே வந்தது ஒரு போர்க்கால மருத்துவமனையிலிருந்து.

அந்த எட்டு என்னென்ன?

1950-இல் அவருடைய முதல் புத்தகம், 'குழந்தைப் பருவமும் சமூகமும்' வந்தது. எட்டுப் பருவங்கள் அதில்தான் உலகத்துக்கு அறிமுகம். ஃப்ராய்டின் பருவங்கள் பருவ வயதோடு நின்றுவிடும். எரிக்சன் அந்தக் கோட்டை நீட்டினார்.

முதல் நான்கும் குழந்தைப் பருவத்துக்கு. கைக்குழந்தைக்கு, இந்த உலகத்தை நம்பலாமா என்ற கேள்வி. நடக்க ஆரம்பித்த குழந்தைக்கு, நானே செய்யலாமா. விளையாடுகிற வயதில், நானாக ஆரம்பிக்கலாமா. பள்ளி வயதில், என்னால் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா.

ஐந்தாவது, நான் யார். பதின்பருவத்தில் தொடங்குகிற இந்தக் கேள்வி நம்மில் பலருக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வரும்.

ஆறாவது, இன்னொருவரோடு என்னைப் பகிர முடியுமா. நெருக்கமா, தனிமையா? எரிக்சன் இங்கே சொன்ன முக்கியமான விஷயம்: தான் யார் என்று ஓரளவாவது தெரியாதவனுக்கு நெருக்கம் பயத்தைக் கொடுக்கும். இன்னொருவரிடம் கரைந்து காணாமல் போய்விடுவோமோ என்ற பயம்.

ஏழாவது, எனக்கு அடுத்து வருகிறவர்களுக்கு நான் என்ன செய்கிறேன். ஏறக்குறைய நாற்பதிலிருந்து அறுபதுகள் வரை. பிள்ளை வளர்ப்பது மட்டும் இல்லை. கற்றுக்கொடுப்பது, ஒரு தொழிலை உருவாக்குவது, ஒரு மரம் நடுவது, எல்லாமே இதில் சேரும். இது நடக்காவிட்டால் வருவது தேக்கம். தன்னையே தன் ஒரே குழந்தையாகச் சீராட்டிக்கொண்டு இருந்துவிடுவது.

எட்டாவது, முதுமை. வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, இது என் வாழ்க்கை, நல்லதும் கெட்டதுமாக இது இப்படித்தான் இருந்தது என்று ஏற்க முடிகிறதா? முடிந்தால் நிறைவு. முடியாவிட்டால், இனிமேல் திருத்த நேரமில்லையே என்ற விரக்தி.

இதில் ஏழாவது பருவம் எப்படி வந்தது தெரியுமா? வெள்ளை மாளிகை கூட்டிய குழந்தைகள் மாநாட்டுக்காக எரிக்கும் ஜோனும் இந்த வரிசையைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர்களிடம் இருந்தது ஏழு பருவம்தான். எரிக் ரயில் பிடிக்க வேண்டும், ஜோன் காரில் கொண்டுபோய் விடுகிறார். போகிற வழியில் ஷேக்ஸ்பியர் சொன்ன ஏழு பருவங்களைப் பற்றிப் பேச்சு. மனுஷன் விளையாட்டு வயதையே விட்டுவிட்டாரே என்று சிரிக்கிறார்கள். திடீரென்று ஜோனுக்கு உறைக்கிறது. நாமும் ஒன்றை விட்டுவிட்டோம். காதலிக்கிற வயதுக்கு அடுத்து நேராகக் கிழப்பருவம் என்று எழுதியிருக்கிறோம். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, வேலைக்கு ஓடிக்கொண்டு இருக்கிற நம்ம வயதே இதில் இல்லையே! நடுவயதில் இருந்த இரண்டு பேர், நடுவயதை மறந்துபோயிருந்தார்கள்.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கிறவனுக்குத் தான் ஓடுவது தெரியாது. நம்ம வீட்டு அப்பா அம்மாவும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இது பாஸ், ஃபெயில் கணக்கு இல்லை. முழு நம்பிக்கை மட்டும் உள்ள குழந்தை ரோட்டில் போகிற எவன் கூப்பிட்டாலும் போய்விடும். கொஞ்சம் சந்தேகமும் வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் இரண்டும் மோதி, நல்லது கொஞ்சம் தூக்கலாக நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு பருவத்தில் சரியாக முடியாதது அங்கேயே செத்துப்போவதும் இல்லை. அரியர் மாதிரி பின்னாடியே வரும். நல்ல செய்தி, அரியரைப் பின்னாடி எழுதவும் முடியும். 45 வயதில்கூட, நான் யார் என்ற பேப்பரைத் திரும்ப எழுதுகிறவர்கள் உண்டு.

மறைக்கப்பட்ட மகன்

இப்போது அந்தக் கஷ்டமான பகுதி.

எரிக்குக்கும் ஜோனுக்கும் மூன்று பிள்ளைகள் என்றுதான் உலகத்துக்குத் தெரியும். 1944-இல் நான்காவதாக ஒரு பையன் பிறந்தான். பெயர் நீல். டவுன் சிண்ட்ரோம் இருந்தது. அந்தக் காலத்து அமெரிக்காவில் இப்படிப் பிறந்த குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிடச் சொல்வதுதான் மருத்துவர்களின் வழக்கமான அறிவுரை. பிரசவச் சிக்கலிலிருந்து ஜோன் இன்னும் மீளவில்லை. எரிக் நண்பர்களைக் கேட்டார். மானுடவியலாளர் மார்கரெட் மீடும் காப்பகத்தில் விடச் சொன்னவர்களில் ஒருவர். குழந்தை காப்பகத்துக்குப் போனது.

வீட்டில் இருந்த பிள்ளைகளிடம், தம்பி பிறந்ததுமே இறந்துவிட்டான் என்று சொன்னார்கள்.

நீல் இறக்கவில்லை. சுமார் இருபது வருஷம் வாழ்ந்தான். 1965-இல் அவன் இறந்தபோது எரிக்கும் ஜோனும் இத்தாலியில் இருந்தார்கள். அவர்கள் உடனே திரும்பி வரவில்லை. கலிஃபோர்னியாவில் இருந்த மகன் ஜானையும் மகள் சூவையும் இறுதிக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தாங்கள் அறிந்தே இராத ஒரு தம்பிக்கு.

படித்தபோது லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன். பெற்றவர்கள் உண்மையை மறைத்ததால் வாழ்நாள் முழுக்க வலித்த ஒரு பையன், வளர்ந்து அப்பாவாகி, தன் பிள்ளைகளிடம் உண்மையை மறைக்கிறான். அடுத்த தலைமுறைமேல் அக்கறை காட்டுவதுதான் நடுவயதின் வேலை என்று எழுதிய கை, இன்னொரு பக்கம் இப்படியும் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறது.

காலம் அப்படி, மருத்துவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்று நியாயம் சொல்லலாம். அதுவும் உண்மைதான். எரிக்சனின் வாழ்க்கையை விரிவாக எழுதிய லாரன்ஸ் ஃப்ரீட்மன், எட்டுப் பருவ வரைபடம் உருவானதே நீல் பிறந்த பிறகுதான் என்பதைச் சுட்டிக்காட்டுகிறார். வீட்டுக்குள் தாங்க முடியாத ஒன்று நடந்திருந்தது. அதே சமயம் ஆரோக்கியமான வாழ்க்கை எப்படி இருக்கும் என்று இருவரும் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். மகள் சூ தன் நினைவுக் குறிப்புகளில், ஊருக்கே ஞானியாகத் தெரிந்த அப்பா வீட்டுக்குள் எவ்வளவு தடுமாற்றம் உள்ள மனிதர் என்பதை எழுதியிருக்கிறார். கோபத்தோடு மட்டும் இல்லை, பாசத்தோடும்.

அகமதாபாத்தில் ஒரு விருந்தாளி

1950-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களைக் கம்யூனிச எதிர்ப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போடச் சொன்னபோது எரிக்சன் எதிர்த்தார். பேராசிரியர் பதவி கைக்கு வந்து ரொம்ப நாள் ஆகவில்லை, அதை விட்டுவிட்டு வெளியேறினார். மாசசூசெட்ஸில் மனநலச் சிகிச்சை பெறும் இளைஞர்களோடு பத்து வருஷம் வேலை. 1960-இல் ஹார்வர்ட் அவரைப் பேராசிரியராகக் கூப்பிட்டது. வாழ்க்கைச் சுழற்சி பற்றிய அவருடைய வகுப்புக்கு மாணவர் கூட்டம் அலைமோதியது.

1962-இல் ஒரு கருத்தரங்குக்காக அகமதாபாத் வந்தார். வயது அறுபது. தங்கியது சாராபாய் குடும்பத்து விருந்தினராக. ஆமாம், நம்ம விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாயின் குடும்பமேதான். அவருடைய அப்பா அம்பாலால் மில் முதலாளி. 1918-இல் அகமதாபாத் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் பக்கம் அம்பாலால், தொழிலாளர் பக்கம் அவருடைய அக்கா அனசூயாபென், அவர்களோடு காந்தி. அங்கே காந்தி இருந்த உண்ணாவிரதத்தைப் பெரிய வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு பத்தியில் தாண்டிவிடும். எரிக்சன் அதன் மேலேயே ஒரு புத்தகத்தைக் கட்டினார். ஏன் என்றால், அப்போது காந்திக்கு வயது 48. ஏழாவது பருவத்தின் நடுவில் ஒரு மனிதன், தான் எதற்காகப் பிறந்தோம் என்பதைக் கண்டுகொள்கிற இடம் அது என்று அவருக்குப் பட்டது. அந்த வேலைநிறுத்தத்தைப் பார்த்த, அதில் இருந்த முதியவர்களைத் தேடித்தேடிப் பேசினார்.

'காந்தியின் உண்மை' 1969-இல் வெளிவந்தது. அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு. அந்தப் புத்தகத்தின் நடுவில் ஒரு விசித்திரமான காரியம் செய்திருக்கிறார். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, இறந்துபோன காந்திக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். பாராட்டுக் கடிதம் இல்லை. உண்மை, அகிம்சை என்று பேசுகிற நீங்கள் உங்கள் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் ஆசிரமத்துப் பிள்ளைகளிடமும் நடந்துகொண்டதில் வன்முறை இல்லையா என்று கேட்கிறார். இதைக் கேட்காமல் மேற்கொண்டு எழுதவே முடியவில்லை என்கிறார்.

நீல் இறந்து நாலு வருஷம் கழித்து வந்த புத்தகம் அது. அந்தக் கடிதத்தை எழுதும்போது அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. தேதிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

ஒன்பதாவது

எரிக்சன் சொன்ன எல்லாமும் சரி என்று யாரும் சொல்லவில்லை. அவரோடு ஹார்வர்டில் பணியாற்றிய கேரல் கில்லிகனே, இந்தப் படிக்கட்டு ஆண்களின் வாழ்க்கையைப் பார்த்துக் கட்டியது, பெண்களுக்கு அடையாளமும் நெருக்கமும் சேர்ந்தேதான் வளர்கின்றன என்று வாதிட்டார். வயது எல்லைகளும் ஊருக்கு ஊர் மாறும். அதே சமயம், 1938-இல் தொடங்கி அதே மனிதர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஹார்வர்ட் ஆய்வை நடத்திய ஜார்ஜ் வைலன்ட், எரிக்சனின் பருவங்களைத்தான் தன் அடித்தளமாக எடுத்துக்கொண்டார். நாற்பதுக்கு மேலும் மனிதர்கள் மாறுகிறார்கள், வளர்கிறார்கள் என்பதை அவர் காட்டினார்.

எண்பதுகளில் எரிக்கும் ஜோனும் மறுபடி பெர்க்லிக்குப் போனார்கள். 1920-களின் இறுதியில் அங்கே தொடங்கிய ஒரு குழந்தைகள் ஆய்வில் எரிக் ஒரு காலத்தில் வேலை பார்த்திருந்தார். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் இப்போது எண்பது வயதைத் தாண்டியிருந்தார்கள். அவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பேசி, ஹெலன் கிவ்னிக் என்பவரோடு சேர்ந்து, 1986-இல் முதுமையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். வயதானவர்களுக்கு ஓய்வு மட்டும் போதாது, ஏதாவது ஒன்றில் ஈடுபாடு வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

பிறகு எரிக்கின் உடல் தளர்ந்தது, நினைவும் மங்கியது. 1994 மே 12 அன்று மாசசூசெட்ஸின் ஹார்விச்சில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இறந்தார். வாழ்க்கையின் பருவங்களைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் கடைசிப் பருவத்தைக் கூடவே இருந்து பார்த்தவர் ஜோன்.

பார்த்துவிட்டு, தொண்ணூறு வயதைத் தாண்டிய ஜோன் ஒரு காரியம் செய்தார். நாம் எழுதியது போதாது என்று சொன்னார்! எட்டாவது பருவத்தை எழுதியபோது எங்களுக்கு நிஜ முதுமை தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஒன்பதாவது பருவம் ஒன்றை எழுதிச் சேர்த்தார். எண்பது, தொண்ணூறுகளில் பழைய கேள்விகள் எல்லாம் திரும்பி வருகின்றன, இந்த முறை கெட்ட பக்கம் முன்னால் வருகிறது என்றார். குழந்தைக்கு உலகத்தை நம்பலாமா என்ற கேள்வி; கிழவிக்கு, என் காலை நம்பி இந்தப் படியில் இறங்கலாமா என்ற கேள்வி. இரண்டு வயதில் நானே செய்வேன் என்று அடம்பிடித்தது, தொண்ணூறில் சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன் என்று திரும்பி வருகிறது. அந்தப் பகுதி சேர்ந்த புத்தகம் 1997-இல் வெளியானது. அதே வருஷம் ஜோனும் இறந்தார்.

அடுத்த தடவை தாத்தா பஸ்ஸில் நம்ம கையைத் தட்டிவிட்டுத் தானே ஏறப் பார்த்தால் எரிச்சல்படுவதற்கு முன் ஒரு நொடி யோசியுங்கள். அவர் வீம்பு பண்ணவில்லை. பேப்பர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

எரிக்சனை மன்னிக்கலாமா என்று எனக்குத் தெரியாது. மன்னிக்க வேண்டியவர்கள் நாம் இல்லை, அவர் பிள்ளைகள். ஆனால் அவர் வாழ்க்கையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். வரைபடம் போட்டவரும் வழி தவறலாம். வழி தவறினார் என்பதற்காக வரைபடம் பொய்யாகிவிடாது. பிள்ளைகளிடம் எதை மறைக்கக் கூடாது என்பதை அவரளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. அறிந்திருந்தும் தவறினார் என்றால், அறிவது வேறு, வளர்வது வேறு என்றுதானே அர்த்தம்?

வீட்டில் நமக்காக ஓடுகிற அப்பாவும் அம்மாவும் வளர்ந்து முடித்தவர்கள் இல்லை மக்களே. அவர்களும் இந்த வயதை முதல் தடவையாகத்தான் வாழ்கிறார்கள். இந்த வாரம் வீட்டுக்கு போன் பண்ணும்போது சாப்டீங்களா என்று கேட்டு வைத்துவிடாமல், இன்னொன்றும் கேளுங்கள். என் வயசுல நீங்க என்னவா ஆகணும்னு நெனச்சீங்க?

பதில் வர கொஞ்ச நேரம் ஆகும். லைனில் இருங்கள்.